சுங்கை சிப்புட்டிலிருந்து கேமரன் மலை, பெரியவர்களோடு இரண்டு நாள்: எந்தப் பாதை, எந்தக் கிழமை, எங்கே நிற்கலாம்?

சிப்புட் செல்வி
எல்லாருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட் வட்டார ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற பெரியவர்கள் 32 பேர், துணைக்குப் பிள்ளைகள் 6 பேர். கேமரன் மலையில் ஒரு இரவு தங்கி வர ஏற்பாடு நடக்கிறது. 44 இருக்கை பஸ் ஒன்று, கூடவே ஒரு மைவி காரும் வரும். சனி காலை ஏறி ஞாயிறு மாலை இறங்கலாம் என்று நினைக்கிறோம். ஸ்ட்ராபெரி தோட்டமும் காய்கறிச் சந்தையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப யாருக்கும் மனமில்லை. பழைய தோட்டம், பழைய கட்டடம், பூர்வகுடி கிராமம் என்று மலையின் வரலாறு தெரிகிற இடங்களைப் பார்க்க வேண்டும். தாப்பா வழியா, சிம்பாங் புலாய் வழியா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிந்தா வளைவு
செல்விக்கா, பாதையை விட முதலில் கிழமையை மாத்துங்க. சனி ஞாயிறு வேணாம். கம்போங் ராஜாவிலிருந்து கோலா திர்லா, திரிங்காப், கியா ஃபார்ம், பிரிஞ்சாங், தானா ராத்தா வரைக்கும் இருப்பது ஒரே ஒரு சாலை. கியா ஃபார்ம் சந்தையில் கடைகள் ரோட்டை ஒட்டியே இருக்கு. கார்க்காரங்க ஓரத்துல நிறுத்த இடம் தேடி நகர்ந்துகிட்டே இருப்பாங்க. ஒரு பஸ் திரும்பினா மொத்த வரிசையும் நின்னுடும். சனிக்கிழமை பத்து மணிக்கு மேல, சில கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் ஆச்சரியமில்லை. வயசானவங்க பஸ்ஸுக்குள்ள அப்படி மாட்டிக்கிட்டா கழிப்பறைக்குக்கூட இறங்க முடியாது.

ஓய்வு பெற்றவங்கதானே, வார நாள்ல போகலாம். திங்கள் மட்டும் கூடாது, ‘போ’ (BOH) தேயிலை நிறுவனத்தின் சுங்கை பாலாஸ் மையம் திங்கட்கிழமை மூடியிருக்கும். செவ்வாய் ஏறி புதன் இறங்குறதோ, புதன் ஏறி வியாழன் இறங்குறதோ சரியா வரும். பள்ளி விடுமுறை வாரமா இல்லையான்னு மட்டும் பார்த்துக்குங்க, அப்போ எல்லாக் கிழமையும் சனிக்கிழமைதான்.

பஸ்ஸுக்கு சிம்பாங் புலாய் வழிதான். சிப்புட்டிலிருந்து ஈப்போ தாண்டினதும் சிம்பாங் புலாய், அங்கேயிருந்து கம்போங் ராஜா ஏறக்குறைய 60 கிலோமீட்டர். ரோடு அகலம், வளைவுகள் நீளமா விரிஞ்சு இருக்கும், ஏத்தத்துல முந்திப் போக தனித் தடமும் பல இடத்துல உண்டு. தொடக்கத்துல கல் குவாரி லாரிகளும் மேலே காய்கறி லாரிகளும் மெதுவா ஏறும். அவசரப்பட்டு முந்த வேணாம்னு டிரைவர்கிட்ட சொல்லி வைங்க. இடையில கழிப்பறையை நம்ப முடியாது, சிம்பாங் புலாய் பட்டணத்துலேயே எல்லாரையும் இறக்கி ஏத்திடுங்க.

ஏழு மணிக்கு சிப்புட்டை விட்டா பத்து மணிக்குள்ள மேலே இருக்கலாம். மதியத்துக்கு மேல மழையும் பனிமூட்டமும் சேர்ந்து வர்ற மலை இது. ஏறுறதும் இறங்குறதும் பிற்பகல் மூணு மணிக்குள்ள முடியற மாதிரி வைங்க.

தாப்பா பக்கம்
பஸ்ஸுக்கு சிம்பாங் புலாய் என்பது சரிதான். ஆனால் வரலாறு வேண்டும் என்கிறவர்கள் தாப்பா சாலையை அப்படியே விட்டுவிடக் கூடாது. 1885-ல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலைச்சமவெளியைப் பற்றிக் குறிப்பெழுதினார். அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இங்கே முறையான சாலை இல்லை. தாப்பாவிலிருந்து போட்ட சாலை 1930-களின் தொடக்கத்தில்தான் தானா ராத்தாவை எட்டியது. அதன் பிறகே பங்களாக்களும் விடுதிகளும் வந்தன. தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் நடுவே, கோல்ஃப் மைதானத்தை ஒட்டி, ஆங்கிலேய பாணியில் கறுப்பு வெள்ளை மரச்சட்டங்களோடு நிற்கும் ஸ்மோக்ஹவுஸ் 1937-ஐச் சேர்ந்தது.

தாப்பாவிலிருந்து தானா ராத்தா சுமார் 60 கிலோமீட்டர், ரிங்லெட் வரை ஓயாத வளைவு. சாலை குறுகல், பல வளைவுகளில் எதிரே வருவது தெரியாது. பஸ் வளையும்போது பின்பக்கம் எதிர்த்தடத்துக்குள் போய்விடும். பின் இருக்கையில் இருப்பவர்களுக்குக் குமட்டல் நிச்சயம். பெரியவர்கள் நிறைந்த பஸ்ஸை இதில் விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. மைவி மட்டும் தனியாக இந்த வழியில் ஏறலாம். தாப்பாவில் பெட்ரோலை நிரப்பிக்கொள்ளுங்கள்.

வழியில் லாத்தா இஸ்கண்டார் அருவி, சாலை ஓரத்திலேயே. படம் எடுத்துக்கொள்ளலாம், பிள்ளைகள் பாறை மேல் ஏற வேண்டாம், பாசி வழுக்கும். மேலே மலையில் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் திடீரென்று பொங்கி வரும். நம் ஆட்கள் ‘கெப்பாலா ஆயர்’ என்று சொல்வது இதைத்தான். தெளிந்த நீர் மண் நிறமாவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, இரைச்சல் கூடுவது, இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் பொருளை எடுக்க நிற்காமல் கரையேற வேண்டும்.

இந்தச் சாலை நெடுக செமாய் பூர்வகுடி மக்களின் கிராமங்கள் உண்டு. சாலையோரத்தில் பெத்தாய்க் காய், மூங்கில், காட்டுத்தேன் விற்பார்கள், பருவத்தில் டுரியானும் கிடைக்கும். பேரம் பேசி அடிமட்ட விலைக்கு இறக்காதீர்கள். கிராமத்துக்குள் போக விரும்பினால் அவர்கள் தலைவரான பாத்தினிடம் முன்கூட்டியே கேட்டு, அவர்கள் ஆளே வழிகாட்டியாக வர வேண்டும். பஸ்ஸை நிறுத்தி 38 பேர் இறங்கி வீடுகளுக்குள் எட்டிப் பார்ப்பது முறையல்ல. லயத்து வாசலில் வெளியாட்கள் கேமராவோடு வந்து நின்றால் எப்படி இருக்கும் என்று உங்கள் பெரியவர்களுக்கே தெரியும்.

சிப்புட் செல்வி
நன்றிங்க. புதன் வியாழன் என்று மாற்றிவிடுகிறேன். பெரியவர்கள் கேட்பது முக்கியமாகத் தேயிலைத் தோட்டம்தான். பால்மரத்திலேயே காலம் போனவர்கள், தேயிலை வேலை எப்படி என்று பார்க்க ஆசை. பஸ் தோட்டம் வரை போகுமா?

கொழுந்து
போகாதுங்க. சுங்கை பாலாஸுக்கும் சரி, ஹாபு பக்கம் உள்ள போ தோட்டத்துக்கும் சரி, தோட்டப் பாதை ஒரு வண்டி அகலம்தான். எதிரே கார் வந்தால் ஒருவர் பின்னால் எடுத்து ஒதுங்க வேண்டும். பெரிய பஸ்ஸுக்கு இடமே இல்லை. இரண்டு வழி இருக்கு.

முதலாவது, பஸ்ஸைப் பிரிஞ்சாங்கில் நிறுத்திவிட்டு வேன் பிடித்து சுங்கை பாலாஸ் போவது. 38 பேருக்கு மூணு வேனாவது வேணும், முன்னாடியே பேசி வைக்கணும். வண்டி நிறுத்துற இடத்திலிருந்து மையத்துக்குப் படி ஏறணும், மூட்டுவலிக்காரர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிடுங்க. மையத்துக் கட்டடம் சரிவுக்கு வெளியே நீண்டு நிற்கும். அங்கே நின்றால் கீழே முழுப் பள்ளத்தாக்கும் தேயிலை. ஒன்பதரை பத்துக்குள் போய்விட்டால் உட்கார இடம் கிடைக்கும்.

இரண்டாவது, ரிங்லெட்டுக்கும் தானா ராத்தாவுக்கும் இடையே சாலை ஓரத்திலேயே இருக்கும் பாரத் தேயிலைத் தோட்டம், 1933-ல் தொடங்கியது. பஸ் வாசல் வரை போகும். தேநீர்க் கடையிலிருந்தே சரிவு தெரியும். கீழே இறங்க முடியாதவர்கள் மேலேயே உட்கார்ந்து பார்க்கலாம். உங்கள் கூட்டத்துக்கு என் கணிப்பில் இதுதான் நல்லது. ஆலை பார்க்கணும் என்கிறவர்களை மட்டும் வேனில் பாலாஸுக்கு அனுப்புங்க.

இனி வேலை. போ தோட்டத்தை ஜே.ஏ. ரஸல் 1929-ல் தொடங்கினார். காட்டை அழித்து, சரிவைத் திருத்தி, செடி வைத்ததில் பெரும் பங்கு தமிழர் உழைப்பு. இன்று கொழுந்து எடுக்கிறவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். ஆனாலும் தோட்டத்துக்குள் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் இருப்பதைப் பார்ப்பீர்கள்.

பால்மரம் வெட்டியவர்களுக்கு இதில் முதலில் கண்ணில் படுவது செடியின் உயரம். தேயிலையை விட்டால் பத்து மீட்டருக்கு மேல் மரமாகப் போய்விடும். அதை இடுப்பளவில் வெட்டி வெட்டித் தட்டையாக வைத்திருப்பதால்தான் புதுக் கொழுந்து மேல்மட்டத்திலேயே, கைக்கு எட்டும் இடத்தில் வருகிறது. சில ஆண்டுக்கு ஒருமுறை அடியோடு கவாத்து செய்வார்கள். அப்போது அந்தச் சரிவு முழுக்க மொட்டைக் குச்சியாக நிற்கும். பட்டுப்போச்சு என்று நினைக்க வேண்டாம், சில மாதத்தில் துளிர்த்துவிடும்.

ஒரே சரிவில் ஏறக்குறைய மூணு வாரத்துக்கு ஒருமுறை கொழுந்து எடுப்பார்கள். கையால் கிள்ளுவது இப்போது அரிது. சரிவு மிதமாக இருக்கும் இடத்தில் இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துச் செல்லும் எந்திரம். செங்குத்தான இடத்தில் கத்தரி, அதன் ஒரு பக்கத்தில் கொழுந்து விழுகிற பெட்டி. இரண்டு இலை ஒரு மொட்டு என்ற அளவு தாண்டி முற்றின இலை சேர்ந்தால் தேநீர் தரம் இறங்கும்.

ஆலையில் முதலில் இலையை நீளமான தொட்டியில் பரப்பி அடியிலிருந்து காற்று விட்டு வாட்டுவார்கள், பாதி நாளுக்கு மேல் ஆகும். வாடாத இலையை உருட்டினால் நொறுங்கும், சுருளாது. அதனால் இந்தக் கட்டம் அவசரத்துக்கு ஆகாது. பிறகு உருட்டும் எந்திரத்தில் இலை நசுங்கிச் சாறு வெளியே வரும். காற்றுப் பட்டதும் பச்சை மாறிச் செம்பாகும், வாசமும் மாறும். அந்த நேரத்தைச் சரியாகப் பிடித்து அடுப்புச் சூட்டில் உலர்த்தி நிறுத்த வேண்டும். முந்தினால் பச்சை வாடை, பிந்தினால் சாரமில்லாத தேநீர். கடைசியில் சலித்துத் தூள், சிறு இலை, பெரு இலை என்று பிரிப்பார்கள். ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து போட்டால் ஒரு கிலோ தேயிலை கிடைக்கும் என்று வையுங்கள். எந்திரம் ஓடாத நாளில் ஆலைக்குள் பார்க்க அதிகம் இருக்காது, முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்க.

மருந்துக்கடை
வாந்தி, தலைசுற்றல் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் பயணத்தைக் கெடுப்பது இதுதான்.

காலையில் வெறும் வயிறும் கூடாது, ரொட்டி சானாய், நாசி லெமாக் மாதிரி கனத்த சாப்பாடும் கூடாது. இட்லி இரண்டு, அல்லது ரொட்டி, சர்க்கரை குறைந்த காப்பி போதும். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் புறப்படுவதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் பெரிதாகப் பயன் இருக்காது. இந்த மாத்திரைகள் தூக்கம் தரும், வாய் உலர்த்தும். கண்ணழுத்த நோய் உள்ளவர்கள், சிறுநீர் கழிக்கச் சிரமப்படும் ஆண்கள், இரவில் தூக்க மருந்து எடுப்பவர்கள் மருந்தாளரைக் கேட்காமல் தொடவே கூடாது. மைவி ஓட்டுகிறவரும் தொடக் கூடாது.

சீக்கிரம் குமட்டுகிறவர்களை முன்னிருக்கையில் உட்கார வைத்துத் தூரத்துச் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். கைப்பேசி பார்ப்பது வேண்டாம். காது அடைத்தால் மிட்டாய் சப்பலாம், எச்சில் விழுங்கினால் திறக்கும். சர்க்கரை நோயாளிக்கு மிட்டாய்க்குப் பதில் தண்ணீர். சர்க்கரை, இரத்த அழுத்த மருந்துகள் பஸ்ஸின் அடிப்பெட்டியில் போகக் கூடாது, கைப்பையில் இருக்க வேண்டும்.

இரவில் 16, 17 டிகிரி வரை இறங்கும். நமக்கு அது கடுங்குளிர். கனத்த ஒரு கம்பளிக்குப் பதில் பனியன், சட்டை, மேலே கம்பளி என்று அடுக்கிப் போட்டால் பகலில் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். காலுறை மறக்க வேண்டாம். தங்கும் இடத்தில் சுடுநீர் உண்டா, அறை தரைத்தளத்தில் கிடைக்குமா என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

பழைய கல்
மலை மேல் இருப்பதை மட்டும் வரலாறு என்று எண்ண வேண்டாம். இறங்கும் வழியில், சிம்பாங் புலாயிலிருந்து கோப்பேங் பக்கம் திரும்பினால் அரை மணி நேரத்துக்குள் பத்து காஜா கெல்லி மாளிகை. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரத் தோட்ட முதலாளி 1915-ல் கட்டத் தொடங்கியது. 1926-ல் அவர் லிஸ்பனில் இறந்துபோனதும் வேலை நின்றது, இன்றும் முடியாத கட்டடம்தான். மின்தூக்கிக்காக விட்ட குழி அப்படியே இருக்கிறது. கட்ட வந்தவர்கள் மதராஸிலிருந்து அழைத்து வரப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள்.

பலரும் மாளிகையைப் பார்த்துப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அருகே இருக்கும் மாரியம்மன் கோயிலுக்குப் போகாமல் வந்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். கொள்ளைநோயில் தொழிலாளர்கள் செத்து விழுந்தபோது, அம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று அவர்கள் கேட்க, ஸ்மித் கட்டிக்கொடுத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. கோயில் கூரையில் சாமி உருவங்களின் வரிசையில், வெள்ளைக் கோட்டும் தொப்பியும் போட்ட ஒரு துரையின் உருவம் நிற்கிறது. கீழே நின்று அண்ணாந்து வரிசையாகப் பார்த்து வந்தால்தான் கண்ணில் படும், முன்னால் போகிறவர் கைகாட்டட்டும். தோட்டத்துக் கோயிலில் கும்பிட்டு வளர்ந்த பெரியவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

மாளிகைக்குள் படிகள் குறுகல், மேல்தளத்தில் சில இடம் திறந்த வெளி. நடக்க முடியாதவர்கள் கீழ்த்தளத்தோடு நிற்கலாம். மாலை மூடுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பாவது போய்ச் சேர வேண்டும், அதற்கு மலையைப் பதினொரு மணிக்குள் விட வேண்டும்.

மலை மேலேயும் ஒன்று: பிரிஞ்சாங் அருகே டைம் டன்னல் என்ற தனியார் அருங்காட்சியகம். பழைய மளிகைக் கடை, முடிதிருத்தும் கடை, காப்பிக்கடைச் சாமான்கள், பழைய படங்கள். 1967 மார்ச்சில் தானா ராத்தா அருகே நடக்கப் போய்க் காணாமல் போன தாய்லாந்தில் பட்டு வணிகம் செய்த ஜிம் தாம்சன் பற்றியும் அங்கே உண்டு. மழை வந்தால் ஒதுங்க நல்ல இடம்.

மைவி அஸ்வின்
நான்தான் அந்த மைவி ஓட்டப்போறவன். கார் ஆட்டோ கியர். இறங்கும்போது பிரேக் சூடாகும்னு பயமுறுத்துறாங்க, உண்மையா?

கிந்தா வளைவு
உண்மைதான் தம்பி. இறக்கம் முழுக்க பிரேக்கை அழுத்திக்கிட்டே வந்தா தகடும் பேடும் சூடேறி, அந்தச் சூடு பிரேக் எண்ணெய்க்கு ஏறும். பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். புது டாட் 3 எண்ணெய் 205 டிகிரிக்கு மேலதான் கொதிக்கும், ஈரம் ஏறிய பழசு 140-லேயே கொதிச்சிடலாம். கொதிச்சா குழாய்க்குள்ள ஆவிக் குமிழி. காலை அழுத்தினா பெடல் தரை வரைக்கும் போகும், வண்டி நிக்காது. இரண்டு வருஷத்துக்கு மேல எண்ணெய் மாத்தலைன்னா ஏறுறதுக்கு முன்னாடியே மாத்திடு.

இறங்கும்போது இஞ்சினே வண்டியைப் பிடிக்கணும். பழைய நாலு கியர் மைவின்னா டி-யிலிருந்து 3, செங்குத்தான இடத்துல 2. புது சிவிடி மைவியில எஸ் இருக்கு, இன்னும் கடுமையான இறக்கத்துக்கு பி (B). இஞ்சின் சத்தம் கூடும், பயப்படாதே, அது வேலை செய்யுற சத்தம். வளைவுக்கு முன்னாடியே ஒரு தடவை நல்லா அழுத்தி வேகத்தைக் குறை, விடு, ஆற விடு. நியூட்ரல்ல உருட்டிக்கிட்டு வர்றது மட்டும் வேணவே வேணாம்.

கருகுற வாடை வந்தா, சமதளமான ஓரத்துல நிறுத்தி அரை மணி நேரம் ஆற விடு. தண்ணி ஊத்தாதே, சூட்டுத் தகடு கோணிக்கும். பார்க் கியர்ல (P) போட்டு சக்கரத்துக்குக் கல் வை, ஹேண்ட் பிரேக்கை இறுக்கி இழுக்காதே.

பஸ்ஸுக்கும் இதே விதிதான். சிம்பாங் புலாய் ரோடு அகலமா இருக்கிறதாலேயே டிரைவர்கள் வேகம் எடுத்துடுறாங்க. 2010 டிசம்பர்ல தாய்லாந்துப் பயணிகளோட இறங்கின இரட்டை மாடி பஸ் இந்த ரோட்டுல கவிழ்ந்து இருபது பேருக்கு மேல இறந்தாங்க. செல்விக்கா, வாடகைக்கு எடுக்கும்போதே ஒற்றை மாடி பஸ் கேளுங்க, எல்லா இருக்கைக்கும் பெல்ட் உண்டான்னு பாருங்க, முந்தின இரவு அந்த டிரைவர் வேற ஓட்டம் ஓடினாரான்னும் கேளுங்க. கேக்குறதுக்கு சங்கடப்படாதீங்க.

தைப்பிங் மழை
நமக்குப் பக்கத்திலேயே புக்கிட் லாருட் இருக்கே என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார். 1880-களில் தொடங்கிய மலைவாசத்தலம், அழகில் குறையில்லை. ஆனால் சொந்த வண்டி ஏற்ற முடியாது, மண்சரிவால் பாதை நீண்ட காலம் மூடப்படுவதும் உண்டு. 38 பேரை நம்பி அழைத்துப் போக முடியாது. பிரேசர் மலை நமக்கு மிகத் தூரம். பத்துப் படிகூட ஏற முடியாதவர்கள் கூட்டத்தில் இருந்தால், அவர்களுக்கென்று பினாங்கு கொடிமலையைத் தனியாக ஒருநாள் வைத்துக்கொள்ளுங்கள். 1923-லிருந்து ஓடும் மலை ரயில் மேலே கொண்டுபோய் விடும், மேலே முருகன் கோயிலும் இருக்கிறது.

சிப்புட் செல்வி
எல்லாவற்றையும் வைத்து இப்படிப் போட்டிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள். புதன் 7.00 புறப்பாடு. 10.00 பிரிஞ்சாங், தெண்டாயுதபாணி சுவாமி கோயில். பிறகு வேனில் பாலாஸ். மதியச் சாப்பாடு தானா ராத்தா. மாலை பாரத் தோட்டம். வியாழன் காலை டைம் டன்னல், மலை உச்சிப் பாசிக்காடு, கியா ஃபார்மில் காய்கறி, 11.00 இறக்கம், கெல்லி மாளிகை, கோயில், வீடு.

கொழுந்து
பாசிக்காட்டை எடுத்துடுங்க. குனோங் பிரிஞ்சாங் 2,000 மீட்டருக்கு மேல. பாதை செங்குத்து, மோசம். வனத்துறை அனுமதி வேணும், சில சமயம் மூடியும் இருக்கும். அதோட சேர்த்து 11 மணிக்கு இறங்குவது நடக்காது. மாலை பாரத் தோட்டத்தை மூணு மணிக்குள் வைங்க, அதுக்கு மேல மழை பிடிச்சா சரிவே கண்ணுக்குத் தெரியாது. புதன் ரெண்டும் நெருக்கடியா இருந்தா பாலாஸை வியாழன் காலைக்கு மாத்தி, டைம் டன்னலை மழைக்கு வைங்க. கோயில் மதியம் நடை சாத்துவதற்குள் முதலில் முடிப்பது சரியான வரிசை. தானா ராத்தாவில் நம்மவர் சாப்பாட்டுக்கடைகள் வரிசையா இருக்கு, ஆனால் 38 பேர் திடீரென்று போய் நின்றால் சோறு இருக்காது. முதல் நாளே எண்ணிக்கை, சைவம் எத்தனை என்று சொல்லி வைங்க.

தாப்பா பக்கம்
அக்டோபர், நவம்பர் வேண்டாம், மழை அதிகம். ஏப்ரல், மே மாதமும் கொஞ்சம் பார்த்துத்தான். ஜனவரி, பிப்ரவரி நல்லது, சீனப் பெருநாள் வாரம் நீங்கலாக. மூன்று நாள் தொடர்ந்து மழை என்றால் புறப்படும் காலையில் பொதுப்பணித் துறையின் (ஜேகேஆர்) அறிவிப்பைப் பாருங்கள், இரண்டு சாலையிலும் மண் சரியும். தங்குவது தானா ராத்தாவிலோ பிரிஞ்சாங்கிலோ இருக்கட்டும். விலை குறைவு என்று ரிங்லெட் கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் ஆற்றை ஒட்டி எடுக்காதீர்கள். மேலே சுல்தான் அபு பக்கார் அணை இருக்கிறது. 2013 அக்டோபரில் அணை நீர் திறந்தபோது அங்கே வெள்ளம் புகுந்து உயிர்ச்சேதம் ஆனது.

மருந்துக்கடை
காய்கறி வாங்குவதை வியாழன் கடைசியில் வைத்தது நல்லது. பிளாஸ்டிக் பையில் கட்டி பஸ் அடிப்பெட்டியில் போட்டால் கீழே வெக்கையில் வியர்த்துக் கீரை அன்றே அழுகிவிடும். நாளிதழில் சுற்றி, அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு வையுங்கள். கோஸ், கேரட் அடியில், கீரை மேலே. ஸ்ட்ராபெரியைக் கழுவாமல், ஒரே அடுக்காக, மடியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். கெல்லி மாளிகையில் இரண்டு மணி நேரம் நிற்கப் போகிறீர்கள், பஸ்ஸை நிழலில் நிறுத்தச் சொல்லுங்கள்.